கண்ணாஸ்பத்திரிக்குப் போன அம்மை, ராத்திரி நடன விழாவில் முன்வரிசையில்!

வடசேரிக்காரி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு காலை 10:12

எங்க அம்மைக்கு 68 வயசு. வடசேரியில் கோவில் நகை செய்யற பட்டறைகளுக்கு வீட்டுலருந்தே கல்லு பதிச்சுக் குடுத்தவ. நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, பின்னந்தலையில வைக்கிற ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம்னு பரதநாட்டியக்காரங்க போடுற எல்லாத்துலயும் அவ கை பட்டிருக்கு. கண்ணுல புரை விழத் தொடங்கினதும் வேலைய நிறுத்திட்டா. அந்த நகையைப் போட்டுக்கிட்டு ஒருத்தி மேடையில ஆடுறத அவ நேர்ல பார்த்ததே இல்ல. டிவியில ஆட்டம் வந்தா கிட்டப் போய் நின்னு பாப்பா. பாக்கது ஆட்டத்தை இல்ல, தலைசாமான.

இந்த வருசத் தொடக்கத்துல திருவனந்தபுரத்துல ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கண்ணுல மருந்து விட்டு, கண்பாப்பா விரிஞ்சப்புறம் டாக்டர் பார்த்தாரு. ஆபரேஷன் பண்ணலாம், அவசரம் இல்லன்னாரு. மதியம் தாண்டிட்டு. சாயங்கால வண்டியில நாகர்கோவில் திரும்புறதாத்தான் இருந்தோம். அப்ப என் காலேஜ் தோழன் ஒருத்தன் கூப்பிட்டான். அவன் மேடைக்கு லைட் அமைக்கிற குழுவுல இருக்கான். "கனகக்குன்னுல நிசாகந்தி நடன விழா நடக்கு. விருந்தினர் வரிசையில ரெண்டு இடம் இருக்கு. அம்மைய கூட்டிட்டு வா, பரதநாட்டியம் இன்னைக்கு"ன்னான்.

அம்மை கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சீலையிலயா?" ஆஸ்பத்திரிக்குன்னு கட்டிட்டு வந்த வெளுத்த காட்டன் சீலை.

நேரா கிழக்கே கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனோம். கைத்தறிக் கடையில பாலராமபுரம் செட்டுமுண்டு, ரெண்டு துணியாச் சீலை மாதிரி உடுத்துறது, எடுத்துப் போட்டாங்க. மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்ட இருக்கது தெரியாதுல்லா, அம்மை கரைய விரலால தடவிப் பார்த்தே ஒண்ண எடுத்து வச்சா. "இது கசவுச் சரிகை. மத்தது பாலியெஸ்டர்." கடைக்காரரு ஒண்ணும் பேசல, உள்ள போய் இன்னும் நாலு நல்ல துணி எடுத்துட்டு வந்தாரு. பாலராமபுரத்துக்கு நெசவு கொண்டு போனதே நம்ம பக்கத்து ஆளுகதான், பாலராம வர்மா மகாராஜா காலத்துல நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துலருந்து சாலியர்களக் குடியேத்தினாங்கன்னு கடையில இருந்த பெரியவர் ஒருத்தர் சொன்னாரு. அம்மைக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ரெடிமேட் ரவிக்கை ஒண்ணு, சாலையில ரெண்டு முழம் முல்லை. கடையிலயே உடுத்திட்டு வெளிய வந்தா.

கனகக்குன்னு பார்க்காதவங்களுக்காகச் சொல்லுதேன். குன்னு மேல பழைய திருவிதாங்கூர் அரண்மனை, அதை ஒட்டித் திறந்தவெளி அரங்கம். மரமெல்லாம் லைட். பட்டுச் சீலையும் வைரத்தோடுமா ஆளுக வந்து இறங்குறாங்க, கேமராக்காரங்க நிக்காங்க. வாசல்ல ஒரு பையன் குனிஞ்சு, "வாங்க அம்மா"ன்னு முன்வரிசைக்குக் கூட்டிட்டுப் போனான். படியில மட்டும் என் கையைப் பிடிச்சா. தரைக்கு வந்ததும் விட்டுட்டுத் தனியா நடந்தா. அந்த நடைய நான் மறக்க மாட்டேன். கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற நடை இல்ல, ஆஸ்பத்திரி நடையும் இல்ல. இதுவரைக்கும் நான் பார்க்காத நடை.

ஆட்டம் தொடங்கிச்சு. கண்ணுல மருந்து இருக்கதால ஒவ்வொரு கல்லைச் சுத்தியும் ஒரு வட்டம் தெரியுதுன்னா. எட்டத்துல இருக்கது நல்லாத் தெரிஞ்சுது. வர்ணம்ங்கற நீளமான உருப்படி பாதியில என் காதுக்குள்ள, "அந்த ராக்கொடி நம்ம ஊரு வேலையாக்கும்"னா. எப்படித் தெரியும்னு கேட்டேன். நடுக்கல்லைச் சுத்தி வச்ச கல்லு எல்லாம் ஒரே உசரத்துல இருக்கு, மெஷின்ல வார்த்ததுன்னா ஓரம் மழுங்கி இருக்கும்னா. அப்புறம் மேடை முழுக்க நீல லைட் வந்துச்சு. "அய்யோ, கெம்பு கறுத்துப் போச்சே"ன்னு நிமிந்து உட்கார்ந்தா.

முடிஞ்சதும் தோழன் மேடைக்குப் பின்னால வேசம் போடுற அணியறைக்குக் கூட்டிட்டுப் போனான். அம்மை அவன்கிட்ட முதல்ல சொன்னது நீல லைட்டப் பத்தித்தான். அவன் அதைச் சாதாரணமா எடுத்துக்கல. சிவப்புக் கல்லு நீல வெளிச்சத்தத் திருப்பித் தராது, அதனால கறுப்பாத்தான் தெரியும்னு விளக்கினான். அதோட, "நாளைக்கு நீலம் வரும்போது பக்கத்துலருந்து கொஞ்சம் மஞ்சளும் விட்டுப் பாக்கேன் அம்மா"ன்னான்.

ஆடின பொண்ணு தலைசாமானக் கழட்டிட்டு இருந்தா. விசயத்தக் கேட்டதும் அந்த ராக்கொடியை அம்மை கையில குடுத்துட்டா. அவளுக்கு அவ குரு குடுத்ததாம். நாகர்கோவில்ல வாங்கினதுன்னு மட்டும் தெரியும், யாரு செஞ்சதுன்னு தெரியாது. அம்மை அதைத் திருப்பி, பின்பக்கத்தத் தடவி, ஓரத்துல ஒரு கல்லுல விரல வச்சு நிறுத்தினா. "இது ஆடுது மக்ளே. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால பதிச்சிரு. இல்லன்னா மேடையில விழுந்திரும்." அந்தப் பொண்ணு கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போய்ப் பார்த்தா. நெசமாவே ஆடிச்சு.

புல்வெளியில விருந்து. அப்பம், ஸ்டூ, மீன் மொளி. அம்மைகிட்டப் பேச அந்தப் பொண்ணோட குழுவே வந்து உட்கார்ந்துட்டு. ராத்திரி கார்ல திரும்பும்போது களியக்காவிளையில கட்டன் சாயா குடிச்சோம். நடுச்சாமம் தாண்டின நேரம், செட்டுமுண்டு கசங்காம இருக்கணும்னு அம்மை நின்னுக்கிட்டே குடிச்சா.

நம்ம ஊர்ல பெத்தவங்கள வெளிய கூட்டிட்டுப் போறதுன்னா ஆஸ்பத்திரி, கோவில், கல்யாணம், சாவு. இது நாலும் இல்லாம, உடுத்தி ஒருங்கி ஒரு பகட்டான ராத்திரிக்கு நீங்க யாராவது கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அன்னைக்கு அவங்க எப்படி இருந்தாங்க? எழுதுங்க.

---

தோவாளைப் பூ
ஞாயிறு காலை 10:50

அக்கா, ரெண்டு தடவ வாசிச்சேன். "இது ஆடுது மக்ளே"ங்கற இடத்துல கண்ணு நிறைஞ்சு போச்சு.

எங்க அம்மை தோவாளையில பூ கட்டுறவ. மாணிக்க மாலை கட்டத் தெரிஞ்ச கை. சிவப்பும் வெள்ளையுமா அரளியும், பச்சைக்கு நொச்சி இலையும் வச்சு மடிச்சு மடிச்சுக் கட்டினா கல்லு பதிச்ச மாலைன்னுதான் தோணும். அவகிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன். ஒரே கேள்விதான் கேட்டா: அந்தப் பொண்ணு தலையில வச்சிருந்தது நெசப் பூவா?

---

வடசேரிக்காரி
ஞாயிறு காலை 11:05

இல்ல தங்கச்சி, துணிப்பூ. நெசப் பூவுன்னா ஆடும்போது உதிர்ந்து மேடையில விழும், கால் வழுக்கும்னு அந்தப் பொண்ணே சொன்னா. உங்க அம்மைகிட்டச் சொல்லுங்க, எங்க அம்மை தலையில இருந்தது நெச முல்லை.

---

வேளிமலை
ஞாயிறு மதியம் 12:31

படிக்க நல்லாத்தான் இருக்கு. உங்க அம்மாவுக்குக் கிடைச்ச சந்தோசத்துல எனக்கும் சந்தோசம். ஆனா எல்லாரும் செய்யணும்ங்கற மாதிரி எழுதாதீங்க. எங்க அம்மாவுக்கு 74. முட்டு வலி, சுகர், ராத்திரி 8 மணிக்கு மேல கண்ணு சொருகிரும். ராத்திரி 70 கிலோமீட்டர் கார்ல போய்ட்டு வாறதுன்னா ரெண்டு நாளு படுக்கணும். செலவும் இருக்கு. நமக்கு ஆசையா இருக்குன்னு அவங்கள இழுத்துட்டுப் போறதுல என்ன நியாயம்? மார்கழியில சுசீந்திரம் தேருக்குக் கூட்டிட்டுப் போறேன். கோபுரத்தப் பார்க்கா, தாணுமாலயன கும்பிடுதா, போதும்னு சொல்லுதா.

---

வடசேரிக்காரி
ஞாயிறு மதியம் 1:10

அண்ணே, நீங்க சொல்லுற முட்டு வலியும் தூக்கமும் உள்ளதுதான். எங்க அம்மையும் மறுநாள் மதியம் வரைக்கும் எந்திரிக்கல.

ஆனா எனக்குப் பட்டத ஒளிக்காமச் சொல்லுதேன். அன்னைக்கு அந்த அரங்கத்துல பட்டு உடுத்தி வந்தவங்க ஆயிரம் பேர் இருந்தாலும், மேடையில மின்னின கல்லைப் பார்த்து இது யாரு கை வேலைன்னு சொல்லத் தெரிஞ்சவ எங்க அம்மை மட்டும்தான் இருந்திருப்பா. அந்தப் பளபளப்பு அவளுக்கு வெளியாள் வீட்டுச் சொத்து இல்ல. பாதி அவ செஞ்சது. அந்த இடத்துக்கு அவ போகாம வேற யாரு போகணும்? கோவிலுக்குப் போனா அவ கும்பிடுவா. அங்க போனப்ப அவளை மத்தவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டும் வேணும் அண்ணே.

உங்க அம்மாகிட்ட "எங்க போகணும்"னு கேட்காம, "ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது உண்டா"ன்னு கேட்டுப் பாருங்க.

---

பட்டறை வீட்டுப் பையன்
ஞாயிறு மாலை 4:22

நானும் வடசேரிதான். தாத்தா காலத்துலருந்து எங்க வீட்டுல இதே தொழில். அம்மா சொன்ன அடையாளம் சரி. கொஞ்சம் விவரம் சேர்க்கேன்.

பழைய முறையில வெள்ளித் தகட்டுல கூடு கட்டி, உள்ள அரக்கு நிறைச்சு, அதுல கல்லை உக்கார வைப்போம். அப்புறம் கல்லைச் சுத்தித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிசான தகட்டை, ஒட்டி அழுத்தணும். கல்லுக்குப் பின்னால மூடி இருக்கும், பின்னாலருந்து வெளிச்சம் வராது. முன்னால விழுகிற வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும். அதனாலதான் எண்ணெய் விளக்குல இந்த நகை உயிரோட இருக்கும். முதல்ல இது சாமிக்குச் செஞ்ச நகை. கருவறையில தூண்டாமணி வெளிச்சத்துல பாக்குறதுக்குன்னு பிறந்தது. பிறகுதான் ஆடுறவங்க தலைக்கு வந்துச்சு. நீல லைட்டுல கறுத்ததுக்கு அம்மா பதறினதுல ஆச்சரியமே இல்ல.

நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இருந்தாலும் கடையில இப்ப ஓடுறது பெரும்பாலும் அச்சுல வார்த்து முலாம் பூசினது. விலை குறைவு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அது போதும். கையால பதிச்ச ஒரு முழு செட்டுக்குப் பல பேர் கை வேணும்: தகடு வெட்டுறவர், கூடு கட்டுறவர், கல்லு பதிக்கிறவங்க, ரேக்கு போடுறவர். இதுல கல்லு பதிச்சவங்கள்ல பாதிப் பேரு வீட்டுலருந்த அம்மாமாரு. அவங்க பேரு எந்த ரசீதுலயும் இருக்காது. ஒருத்தங்களையாவது மேடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் நகையைக் கையில குடுத்தாங்களே, அதுக்கு உங்க தோழனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என் கும்பிடு.

ஆடுற கல்லை அவங்களே பசை போட்டு ஒட்டிரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. பசை காய்ஞ்சா அரக்கு பிடிக்காது. இங்க அனுப்பச் சொல்லுங்க, நான் பதிச்சுக் குடுக்கேன், காசு வேண்டாம்.

---

தூத்தூர் மகன்
ஞாயிறு இரவு 9:40

நான் துபாய்ல ஹோட்டல் வேலை பாக்கேன். லீவுக்கு வந்தப்ப நடந்தது.

எங்க அப்பா தங்கு கடல், அதாவது நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்க, போனவரு. ஆயிரங்கால் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கிறதுல எங்க கடற்கரைய மிஞ்ச ஆளு கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். 2017ல ஒக்கி புயல் வந்து போனதுக்கு அப்புறம் அவரு கடலுக்குப் போகல. கூடப் போன ஆளுக திரும்பல. அதைப் பத்தி வீட்டுல பேச மாட்டாரு, கடற்கரைப் பக்கம் சாயங்காலம் நடக்கதையும் விட்டுட்டாரு.

என் பொண்டாட்டிதான் சொன்னா, "மாமாவ ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்"னு. கோவளத்துல கடலப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டல்ல மாடியில மேஜை எடுத்தோம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நான் வாங்கிட்டு வந்த வாட்ச். மேஜையில மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குவளை, மடிச்சு வச்ச துணி. ஒரு ஓரத்துல ஐஸ் மேல மீன் பரத்தி வச்சிருந்தாங்க, பிடிச்சதக் காட்டினா சுட்டுத் தருவாங்க.

அப்பா எந்திரிச்சுப் போய் நின்னாரு. செவுளைத் தூக்கிப் பார்த்தாரு, கண்ணைப் பார்த்தாரு, வயித்தை விரலால அமுக்கினாரு. பரிமாறுற பையன் பதறிட்டான். அப்பா மெதுவா, "இந்த வாவல் ஐஸ்ல ஒருபாடு நாளு கிடந்தது தம்பி. இந்தப் பாறை மீன் நேத்தைக்குப் பட்டது, இதைத் தா"ன்னாரு. சமையல் தலைவரு வெளிய வந்துட்டாரு. அவரு ஊரு விழிஞ்ஞம், அதுவும் மீன்பிடி ஊரு. தூத்தூர்னு சொன்னதும் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்பாவ அடுக்களைக்குள்ளயே கூட்டிட்டுப் போனாரு. வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைக எல்லாம் சுத்தி நிக்க, போட்டுல வைக்கிற மாதிரி ஒரு கறி அப்பா சொல்லச் சொல்ல வச்சாங்க. வத்தல் மொளகா அரைச்சது, குடம்புளி, தேங்காய் எண்ணெய், வேற ஒண்ணும் இல்ல. சுட்ட மீனும் வந்துச்சு, இந்தக் கறியும் வந்துச்சு. பக்கத்து மேஜையில இருந்த வெளிநாட்டுக்காரங்க அந்தக் கறியக் கேட்டு வாங்கினாங்க.

சாப்பிட்டு முடிச்சு மாடி விளிம்புல நின்னோம். கடல்ல வெளிச்சம் வெளிச்சமா நிக்கி. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். அப்பா ஒவ்வொண்ணாக் காட்டிச் சொன்னாரு. சிவப்பு தெரிஞ்சா படகோட இடப்பக்கம் நமக்குத் தெரியுது, பச்சை தெரிஞ்சா வலப்பக்கம், ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா நம்மள நோக்கி வருது. இது கரைக்கு வாறது, அது இப்பதான் கிளம்புது, அந்த வெள்ளை அசையாம நிக்கது வலை போட்டுட்டுக் காத்துக் கிடக்குன்னு. ஒக்கிக்கு அப்புறம் அவரு கடலப் பார்த்து இவ்வளவு நேரம் நின்னது அன்னைக்குத்தான்.

வடசேரி அக்கா, நீங்க எழுதினத வாசிச்சப்பதான் புரிஞ்சுது அன்னைக்கு என்ன நடந்துதுன்னு. அப்பா அந்த ஹோட்டலுக்கு விருந்தாளியாப் போகல. தெரிஞ்ச ஆளாப் போனாரு.

---

குழித்துறை ஆத்தங்கரை
திங்கள் காலை 7:15

எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுறவரு. அவருக்கு இந்த மாதிரி இடம்னாலே கால் கூசும். ஒரு தடவ குடும்பத்தோட பெரிய ஹோட்டலுக்குப் போனப்ப வாசல்லயே நின்னுட்டாரு. "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க மக்கா, நான் இங்கன நிக்கேன்." எவ்வளவு கூப்பிட்டும் வரல. வயிறு நிறையல எனக்கு அன்னைக்கு.

அது அவரு ஒருத்தரோட கூச்சம் இல்லன்னு நான் நினைக்கேன். நம்ம மண்ணுல யாரு எதை உடுத்தலாம்னு அடிச்சுச் சொல்லி வச்சிருந்தாங்க. எங்க ஆச்சிமாருடைய ஆச்சிமாரு மேல ஒரு துணி போடுறதுக்குப் பல பத்து வருசம் அடி வாங்கிப் போராடி, 1859 ஜூலை 26ல தான் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வந்துச்சு. அதுலயும் ஆயிரம் நிபந்தனை. நல்ல இடத்துக்கு நல்லா உடுத்திப் போறதுங்கறது நம்ம ஊர்ல வெறும் பகட்டு இல்ல.

எங்க வீடு அய்யா வைகுண்டரக் கும்பிடுற அய்யா வழி. ஞாயித்துக்கிழமை எங்க கும்பிடுற இடமான நிழல் தாங்கலுக்குப் போகும்போது அப்பா தலைப்பாகை கட்டுவாரு. தலைப்பாகை கட்டக் கூடாதுன்னு சொல்லப்பட்ட ஆளுகள, தலைப்பாகையோடதான் சாமி முன்னால நிக்கணும்னு வைகுண்டர் சொன்னாரு. அது கட்டினா அப்பாவுக்கு முதுகு நிமிரும். அண்ணன் மகளுக்குக் கல்யாணம், வரவேற்பு நாகர்கோவில்ல ஒரு நட்சத்திர ஹோட்டல்ல. அப்பா வரமாட்டாருன்னு எல்லாரும் நினைச்சோம். என் மகதான் போய், "தாத்தா, தலைப்பாகை கட்டிட்டு வாங்க"ன்னா.

வந்தாரு. இரட்டை வேட்டி, காவித் தலைப்பாகை, நெத்தியில நாமம். நடுக்கூடத்து விளக்குக்குக் கீழ நின்னாரு. மாப்பிள்ளை வீட்டாளுக முதல்ல வந்து கும்பிட்டது அவரைத்தான். ராத்திரி 11 மணி வரைக்கும் உட்காரவே இல்ல.

---

மார்த்தாண்டம் நர்சு
திங்கள் காலை 9:03

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. கூட்டிட்டுப் போகப் போறவங்களுக்கு நான் பாக்குற வேலையிலருந்து சில விசயம்.

கண்ணு விரிய மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் இருக்கும். வெளிச்சம் கூசும். படி இறங்கும்போது கட்டாயம் கையைப் பிடிங்க, வடசேரி அக்கா செஞ்சது சரி. பகல்ல கறுப்புக் கண்ணாடி போடணும். புரை ஆபரேஷன் முடிஞ்சவங்கள டாக்டர் சொல்லுறவரைக்கும் தூசியும் புகையும் உள்ள கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களுக்குத்தான் ராத்திரி விருந்துல ஆபத்து. வழக்கமா 8 மணிக்குச் சாப்பிடுறவங்களுக்கு அங்க 10 மணிக்குத்தான் சாப்பாடு வரும். மாத்திரையப் போட்டுட்டுக் காத்திருந்தா சுகர் தாழ்ந்து போகும். சாப்பாடு வந்தப்புறம் போடலாமான்னு டாக்டர்ட்ட முன்னாலயே கேட்டு வைங்க. கைப்பையில மட்டிப்பழம் ரெண்டு இருக்கட்டும்.

வரிசை ஓரத்து இருக்கையக் கேட்டு வாங்குங்க. முட்டு வலிக்காரங்களுக்கு நடுநடுவுல எந்திரிச்சு நிக்கணும். போனதும் முதல் வேலையா கழிவறை எங்க இருக்குன்னு பார்த்து வைங்க. நம்ம அம்மாமாரு வெளிய போனா தண்ணியே குடிக்க மாட்டாங்க, காரணம் அதுதான். அந்தப் பயம் போனாத்தான் அவங்களால ஆட்டத்தைப் பாக்க முடியும். திறந்தவெளின்னா ஒரு சால்வை.

---

பத்மநாபபுரம் மேல்மாடி
திங்கள் மதியம் 2:48

செலவே இல்லாத, ஆனா இதைவிடக் கம்பீரமான ஒரு ராத்திரி சொல்லட்டுமா? நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போங்க. நம்ம பத்மநாபபுரம் அரண்மனையிலருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் ஊர்வலமாக் கிளம்பி, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித்தான் அங்க போறாங்க. கம்பர் கும்பிட்ட சரஸ்வதின்னு சொல்லுவாங்க. அந்த அம்மன் முன்னால கோட்டைக்குள்ள இருக்கிற நவராத்திரி மண்டபத்துல ஒன்பது ராத்திரியும் கச்சேரி. சுவாதித் திருநாள் மகாராஜா ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கீர்த்தனைன்னு செஞ்சு வச்சது. எண்ணெய் விளக்கு வெளிச்சம். கைதட்டக் கூடாது. ஆம்பிளைக வேட்டி, பொம்பிளைக சீலையோ செட்டுமுண்டோ.

எங்க அம்மா சின்னப் பிள்ளையில பாட்டு படிச்சவ. கல்யாணத்தோட நின்னு போச்சு. அந்த மண்டபத்துல பெண்கள் உட்கார்ந்து பாடினதே கிடையாது. 2006ல பாறசாலை பொன்னம்மாள் அம்மா பாடினதுதான் முதல். பாறசாலை நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு. அந்தச் செய்தி பேப்பர்ல வந்த நாள்லருந்து எங்க அம்மா அந்த மண்டபத்தப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கூட்டிட்டுப் போனேன். அரக்குக் கலர் பட்டு உடுத்தி, தலையில தோவாளை பிச்சி. கீர்த்தனை தொடங்கின உடனே தொடையில விரல் தாளம் போட ஆரம்பிச்சுட்டு. பக்கத்துல இருந்த வயசான அம்மா ஒருத்தங்க அதைப் பார்த்துட்டு, முடிஞ்சதும் "யார்கிட்டப் படிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. எங்க அம்மாகிட்ட அப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்ல. குரு பேரச் சொல்லும்போது எந்திரிச்சு நின்னு சொன்னா.

---

வேளிமலை
திங்கள் இரவு 8:30

வடசேரித் தங்கச்சி சொன்ன கேள்விய அப்படியே அம்மாகிட்டக் கேட்டேன். "ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாக்கணும்னு ஆசைப்பட்டது ஏதாவது உண்டாம்மா?"

யோசிக்கவே இல்ல. "திருவட்டார்ல கதகளி"ன்னா.

அம்மா பிறந்த வீடு திருவட்டார் பக்கம். திருவிழாவுக்கு ஆதிகேசவப் பெருமாள் கோவில்ல ராத்திரி கதகளி நடக்கும். சின்னப் பிள்ளையில தாத்தா தோள்ல இருந்து பார்த்திருக்கா. நளன் யாரு, துரியோதனன் யாருன்னு வேசத்தப் பார்த்தே சொல்லுதா, நல்லவனுக்குப் பச்சை வேசம், அகங்காரக்காரனுக்குக் கத்தி வேசமாம். முத்திரை எல்லாம் கையில வருது! 8 மணிக்குக் கண்ணு சொருகுறவ, நேத்து 10 மணி வரைக்கும் எனக்கு நளசரிதம் சொல்லிக்கிட்டு இருந்தா. 2022 ஜூலையில, 418 வருசத்துக்கு அப்புறம் கும்பாபிசேகம் நடந்தப்ப டிவியிலதான் பார்த்தோம், கூட்டம்னு போகல.

பங்குனித் திருவிழாவுக்குப் போறதா முடிவு பண்ணியாச்சு. அம்மா கசவு வேட்டியும் நேரியதும் பெட்டியிலருந்து எடுத்து வெயில்ல போட்டுட்டா. நர்சு அக்கா சொன்ன மாதிரி சால்வை, மாத்திரை, மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்துக்கிடுதேன். வேன் எடுக்கேன். நாகர்கோவில், தக்கலை வழியாத்தான் வருவேன். இங்க உள்ள அம்மாமாரு, அப்பாமாரு யாரு வாறீங்கன்னாலும் ஏத்திக்கிடலாம். பெட்ரோல் என் பொறுப்பு.

---

தோவாளைப் பூ
திங்கள் இரவு 8:41

எங்க அம்மைக்கு ஒரு சீட்டு. எல்லா அம்மாமாருக்கும் பூ அவ கட்டிக் கொண்டு வாறாளாம்.

---

வடசேரிக்காரி
திங்கள் இரவு 9:02

எங்களுக்கு ரெண்டு சீட்டு அண்ணே. ஆபரேஷன் அதுக்கு அப்புறம்தான், டாக்டர்ட்டக் கேட்டுட்டேன். அம்மை ஒண்ணு கேக்கச் சொன்னா. கதகளிக் கிரீடத்துல ரேக்கும் கல்லும் எப்படி ஒட்டுறாங்கன்னு அவளுக்குக் கிட்டத்துல பாக்கணுமாம். ஆட்டத்துக்கு முன்னால அணியறைக்குள்ள விடுவாங்களா?

---

வேளிமலை
திங்கள் இரவு 9:20

அம்மாகிட்டக் கேட்டேன். முகத்தைச் சுத்தி வெள்ளை விளிம்பா சுட்டி வைக்கதுக்கே ரெண்டு மூணு மணி நேரம் ஆகுமாம். வேசக்காரர் மல்லாந்து படுத்திருப்பாரு, கிரீடம் எல்லாம் பக்கத்துல வரிசையா இருக்கும், பெரியவங்க பணிவாக் கேட்டா யாரும் தடுக்க மாட்டாங்கன்னு சொல்லுதா. அப்ப சாயங்காலம் 4 மணிக்கே வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால வேன் நிக்கும்.